மாத்திரையை நிறுத்தியவர் யார்?

என் அக்கா வலக்கையால் சோறு பிசைவதை விட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இடக்கையில் கரண்டி பிடித்து உண்ணப் பழகிக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய அந்த வலக்கை இப்பொழுது, வேறு யாருடைய கையோ என்பதுபோல, மடியில் கிடக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை நோயாளி தாமாகவே நிறுத்திவிட்டார் என்பது அதன் பொருள். அதை எழுதிய இளம் மருத்துவரை நான் குறை கூறவில்லை. பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நனைந்து, உறக்கமின்றி உழைத்த நாள்கள் அவை. அவர் அக்காவின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஆயினும் 'தாமாகவே' என்ற அந்தச் சொல் என் உள்ளத்தை விட்டு அகல மறுக்கிறது. நடந்ததை எல்லாம் ஒரே சொல்லில் துடைத்துவிட்டு, குற்றத்தை ஒரு கிழவியின் மடியில் வைத்துவிட்டுப் போகிறது அது. அந்த ஒரு சொல்லுக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

அக்காவின் ஊருக்கும் வட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் இடையே பதினான்கு கிலோமீட்டர். மாதந்தோறும் பேருந்தில் சென்று, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, முப்பது நாள்களுக்கான மாத்திரையை இலவசமாகப் பெற்று வருவார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அந்த ஆண்டு மார்ச் முதல் வாரத்திலும் அப்படித்தான் வாங்கி வந்தார். மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அது நடைமுறைக்கு வந்தது. நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்த நேரம் நான்கு மணி. அந்த நான்கு மணி நேரத்தில் அக்காவின் தகரப் பெட்டியில் எத்தனை மாத்திரை மிஞ்சியிருந்தது என்று கேட்க நாட்டில் ஒருவரும் இல்லை.

ஏப்ரல் பிறந்தது. பேருந்து இல்லை. பீடிக் கம்பெனி இலை கொடுப்பதை நிறுத்திவிட்டதால் கூலியும் இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் போகவர நானூறு ரூபாய் கேட்டார். வழியில் காவலர் மறித்தால் பொறுப்பில்லை என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் ஒருமுறை அழைத்துச் சென்றான். மருத்துவமனை வாயிலில் இருந்தவர், காய்ச்சல்காரர்களையும் உயிருக்கு ஆபத்தானவர்களையும் மட்டுமே உள்ளே விடுவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அக்கா காய்ச்சல்காரரும் அல்லர்; அன்றைக்கு உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆபத்து வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அடுத்த ஊர் மருந்துக் கடையில் பத்து மாத்திரை விலைக்கு வாங்கினார். அடுத்த பத்துக்குப் பணம் இல்லை. பின்னர் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக நறுக்கினார். பாதியை நாள்தோறும், அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள், அதன்பின் தலை சுற்றுகிற நாள்களில் மட்டும். மே மாதம் முடியுமுன் பெட்டி காலி. இதற்குத்தான் 'தாமாகவே நிறுத்தினார்' என்று பெயர்.

வாசக அன்பரே, மாத்திரையைக் கத்தியால் நறுக்குகிறவளை அலட்சியக்காரி என்று அழைக்க உமக்கு நா எழுமா? அலட்சியக்காரர்கள் மாத்திரையைத் தூக்கி எறிவார்கள். நறுக்கி நறுக்கி நாள்களை நீட்டிக்கிறவள் மருந்தின் அருமையை நம்மெல்லாரையும்விட நன்கு அறிந்தவள்.

கடன்காரனுக்கும் நோயாளிக்கும் ஒரே பெயர்

இது என் அக்கா ஒருவருடைய கதையாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். குடும்பத் துயரை ஊரறியச் சொல்வது என் வழக்கமன்று. ஆனால் நோயாளியின் மேல் பழியைப் போடும் இப்பழக்கம் மருத்துவ உலகில் மிகப் பழையது. காசநோய்க்கு மருந்து உண்பதை இடையில் விட்டவர்களை நெடுங்காலம் 'டிஃபால்டர்' என்றே பதிவேடுகளில் எழுதினார்கள். வங்கியில் கடனைத் திருப்பிச் செலுத்தாதவனுக்கு வழங்கும் பெயர் அது! இருமி இரத்தம் கக்கியவனும் வட்டி கட்டாதவனும் ஒரே பட்டியலில் இடம் பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில்தான் தன் வரையறைகளிலிருந்து அச்சொல்லை நீக்கி, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் வேறொரு சொல்லை ஏற்றது. தொடர்பு என்றால் இரு முனைகள் உண்டு. அது எந்த முனையில் அறுந்தது என்று கேட்க இடமுண்டு. பழைய சொல்லில் அந்த இடமும் இல்லை.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2003ஆம் ஆண்டில், அதே நிறுவனம் நீண்டகால மருத்துவத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தாம் மருந்தை முறையாக உட்கொள்கிறார்கள் என்றும், வறிய நாடுகளில் நிலைமை அதனினும் மோசம் என்றும் அது கூறியது. நோயாளியைக் குறை கூறுவதால் பயனில்லை, அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெருந்தொற்று வரும் முன்பே சங்கிலி பலவீனமாகத்தான் இருந்தது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. 2020 அதை இழுத்துப் பார்த்தது, அறுந்தது.

அறுந்த கண்ணிகள்

ஒரு மாத்திரை நோயாளியின் நாவை அடையுமுன் எத்தனை கண்ணிகளைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை, கிடங்கு, மருத்துவமனை, மருந்தாளுநர், மருத்துவர் எழுதும் சீட்டு, பேருந்து, பேருந்துக் கட்டணம், கட்டணத்துக்கான கூலி, இத்தனைக்கும் மேலாக வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும் துணிவு. இவற்றில் ஒன்று அறுந்தாலும் மாத்திரை வாய்க்கு எட்டாது. 2020இல் ஒரே நேரத்தில் ஐந்தாறு கண்ணிகள் அறுந்தன. அவற்றில் எதையும் நோயாளி அறுக்கவில்லை.

பேருந்தை நோயாளி நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் மார்ச் இறுதியில் நின்ற பேருந்துகள் ஜூன் மாதத்தில் ஓரளவு ஓடி, ஜூலையில் மீண்டும் நின்று, செப்டம்பரில்தான் வழக்கத்துக்குத் திரும்பத் தொடங்கின. மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டும் என்றார்கள். அதற்குத் திறன்பேசியும் அதை இயக்கத் தெரிந்த பிள்ளையும் வேண்டும்.

மருத்துவமனையின் கதவை நோயாளி மூடவில்லை. பெரிய மருத்துவமனைகள் கொரோனா மருத்துவமனைகளாயின. சர்க்கரை நோயாளிகளைக் கவனித்த செவிலியர் காய்ச்சல் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் 155 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பின்படி, இரத்த அழுத்த நோய்க்கான சிகிச்சை 53 விழுக்காடு நாடுகளில் பகுதியாகவோ முழுமையாகவோ தடைப்பட்டிருந்தது. நீரிழிவுச் சிகிச்சை 49 விழுக்காடு நாடுகளிலும், புற்றுநோய்ச் சிகிச்சை 42 விழுக்காடு நாடுகளிலும் தடைப்பட்டிருந்தன. இத்துறைகளில் பணியாற்றிய சுகாதார அமைச்சக ஊழியர்கள் 94 விழுக்காடு நாடுகளில் பகுதியாகவோ முழுமையாகவோ பெருந்தொற்றுப் பணிக்கு மாற்றப்பட்டிருந்தனர்.

அக்கணக்கெடுப்பில் என்னைச் சிந்திக்க வைத்த செய்தி இன்னொன்று. தடைக்கு முதன்மையான காரணங்களாக நாடுகள் கூறியவை, முன்குறித்த சிகிச்சைகள் தள்ளுபடியானதும், பேருந்து முதலான பொதுப் போக்குவரத்து குறைந்ததும், ஊழியர்கள் வேறு பணிக்கு மாற்றப்பட்டதும் ஆகும். மருந்துப் பற்றாக்குறையை ஒரு முக்கியக் காரணமாகக் கூறியவை ஐந்தில் ஒரு பங்கு நாடுகளே. அதாவது, பெரும்பாலான இடங்களில் மாத்திரை இருந்தது. மாத்திரைக்கும் மனிதனுக்கும் இடையிலிருந்த பாதை இல்லை. கிடங்கில் மருந்தும் குடிசையில் நோயாளியும் இருக்க, இடையே பதினான்கு கிலோமீட்டர் வெறும் சாலை வெயிலில் கிடந்தது.

கூலியையும் நோயாளி நிறுத்தவில்லை. இலவச மாத்திரை என்கிறோம். அந்த இலவசத்தை வாங்க ஒருநாள் கூலியை இழக்க வேண்டும், கட்டணம் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். வேலை இருந்த காலத்தில் அக்கா அந்த விலையை முணுமுணுக்காமல் கொடுத்தார். வேலை போனபோது இலவசமும் எட்டாக் கனியாயிற்று.

அச்சத்தை விதைத்தவர்கள்

'மக்கள் பயந்துகொண்டு மருத்துவமனைக்கு வரவில்லை. அதற்கு யார் என்ன செய்வது?' என்று கேட்போர் உளர். பயந்தது உண்மை. அந்தப் பயம் வானத்திலிருந்தா விழுந்தது? தொலைபேசியை எடுத்தால் இருமல் ஒலி. தொலைக்காட்சியைத் திறந்தால் பிணங்களின் எண்ணிக்கை. முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் வெளியே வரவே கூடாது என்று இரவும் பகலும் சொன்னோம். அறிவுரை தவறன்று, தொற்று அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. ஆனால் 'வெளியே வராதே' என்று சொன்ன வாய் 'மாத்திரையை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்' என்றும் சொல்லியிருக்க வேண்டாமா? பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு வீட்டிலிருந்தவர்களைப் பின்னர் அலட்சியக்காரர் என்று ஏசுவது எந்த நியாயம்?

வதந்தியும் தன் பங்குக்குத் தீமை செய்தது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஒருவகை மாத்திரைகள் கொரோனாவைக் கடுமையாக்கக்கூடும் என்ற ஐயம் 2020 மார்ச்சில் மருத்துவ ஏடுகளில் எழுந்தது. ஐரோப்பிய இதயவியல் கழகம் மார்ச் 13ஆம் நாளே, அதற்குத் தக்க சான்று இல்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அறிவித்தது. ஆனால் ஐயம் குதிரையில் போயிற்று. மறுப்பு நடந்து போயிற்று. கைபேசிச் செய்திகளைப் படித்து, நல்ல மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களையும் நான் குற்றவாளிகள் என்னமாட்டேன். ஐயத்தை உரக்கச் சொன்ன உலகம் தெளிவை மெல்லச் சொன்னது.

பறிக்கப்பட்ட மருந்து

மருந்தே கிடைக்காமற் போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதை இன்னும் கசப்பானது. ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மாத்திரையை முடக்குவாத நோயாளிகளும் லூபஸ் என்ற நோயினால் வருந்துவோரும் ஆண்டுக்கணக்கில் உண்டு வருகிறார்கள். லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்குவது. சிறுநீரகத்தையும் அழிக்க வல்லது. அம்மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் சீறி எழக்கூடும்.

2020 மார்ச் மாதத்தில் அது கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு எழுந்தது. மார்ச் 22ஆம் நாள், நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளரும் நோயுற்றோர் வீட்டில் உள்ளோரும் அதை முன்காப்பாக உட்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயற்குழு பரிந்துரைத்தது. உடனே நலமாக இருந்தவர்களும் கடைகளுக்கு ஓடினார்கள். நான்கு நாள் கழித்து, மார்ச் 26இல், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. அதற்குள் பல கடைகளில் தட்டுகள் காலியாகியிருந்தன. வசதி படைத்தோரின் அலமாரிகளில் அட்டை அட்டையாக மாத்திரை உறங்க, அதை உண்டே உயிர்வாழும் பெண்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

முடிவு என்ன? ஜூன் 5ஆம் நாள், இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது. ஜூன் 15இல் அமெரிக்கா தான் கொடுத்திருந்த அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஆக, பயன்படாதவர்கள் பதுக்கினார்கள். பயன்படுகிறவர்கள் பட்டினி கிடந்தார்கள். லூபஸ் நோயாளி மருந்தைத் தவறவிட்டாள் என்று ஏட்டில் எழுதுவோமானால், அதை எடுத்துச் சென்றவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

எதிர்வாதங்கள்

'மருந்துக் கடைகள் திறந்துதானே இருந்தன? வீட்டுக்கே மருந்து அனுப்பவும், தொலைபேசியில் மருத்துவம் பார்க்கவும் அரசு அனுமதித்ததே?' இது முதல் வாதம். மார்ச் 25இல் தொலைமருத்துவ விதிகளும், மார்ச் 26இல் வீட்டுக்கே மருந்து கொண்டு தர அனுமதியும் வெளியானது உண்மைதான். நல்ல ஆணைகள். ஆனால் விலைக்கு வாங்குவோருக்கு மட்டுமே கடை திறந்திருந்தது. அரசு மருத்துவமனையின் இலவச மாத்திரையை நம்பியவருக்குத் திறந்த கடையும் மூடிய கடைதான்.

'அலட்சியக்காரர்களே இல்லை என்கிறீரா?' இது இரண்டாம் வாதம். இல்லை என்று சொல்லமாட்டேன். சர்க்கரையும் அழுத்தமும் வலிக்காத நோய்கள். வலிக்காத நோய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குவது மனித இயல்புக்குச் சற்றுக் கடினமானதே. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்துபவர் எக்காலத்திலும் உண்டு. ஆனால் அலட்சியம் பெருந்தொற்றோடு பிறந்ததன்று. பன்னிரண்டு ஆண்டுகள் தவறாமல் சென்றவர் பதின்மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் திடீரென்று அலட்சியக்காரராக மாறினார் என்று சொல்வீர்களானால், அந்த ஏப்ரலில் வேறு எதுவுமே மாறவில்லை என்றும் நீங்கள் காட்ட வேண்டும்.

'கொள்ளை நோய்க் காலம். அரசு எதையென்று கவனிக்கும்? ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடத்தானே வேண்டும்?' இது மூன்றாம் வாதம்; மூன்றிலும் வலிமையானது. இதற்கு என் விடையை இந்த நாட்டிலிருந்தே தருகிறேன். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் துறையினர் தங்கள் நோயாளிகளுக்கு ஒரு மாத மருந்துக்குப் பதிலாக மூன்று மாதம் வரையிலான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று வழி செய்தார்கள். பெயர்ப் பட்டியல் அவர்களிடம் இருந்தது. யாருக்கு எப்போது மருந்து தீரும் என்பது தெரிந்திருந்தது. எனவே, முடியாதது என்பது உண்மையன்று. எண்ணிப் பார்த்த இடத்தில் முடிந்தது. எண்ணிப் பார்க்காத இடத்தில் முடியவில்லை.

கைவிடப்பட்டதன் விலையும் சிறிதன்று. இந்தியாவில் 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறிந்து பதியப்பட்டனர். 2020இல் அவ்வெண் சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, தேடுவது குறைந்தது. உலகம் முழுவதிலும் காசநோய்ச் சாவுகள், பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்த நிலை மாறி, 2020இல் மீண்டும் ஏறின. அவ்வாண்டு இறந்தவர் சுமார் 15 லட்சம்.

சென்னை உலகுக்குக் கற்பித்த பாடம்

நாம் மறந்துபோன வரலாறு ஒன்று உண்டு. 1950களில் காசநோயாளிகளைச் சானடோரியங்களில் ஓராண்டு படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து மருத்துவம் செய்வதே முறையாக இருந்தது. ஏழைகளுக்குப் படுக்கைகள் போதவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறுசாராரை நெரிசலான வீடுகளிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. அரைகுறை உணவு உண்டு குடிசையில் வாழ்ந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தார்கள். வீட்டாருக்குத் தொற்று அதிகரிக்கவும் இல்லை.

எப்படி இது இயன்றது? ஏழைக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது. தவறாமல் கிடைத்தது. வராதவர் வீட்டுக்கு ஆள் போனது. மாத்திரை உட்கொண்டாரா என்று வீட்டுக்கே சென்று சோதித்தார்கள். ஆனால் உட்கொள்ளாதவரைக் கைவிடவில்லை. ஏழைகளுக்குப் பொறுப்பில்லை, அவர்களை நம்பி மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது என்ற வாதம் அன்றும் இருந்தது. சென்னைக் குடிசைவாசிகள் அதைப் பொய்யாக்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின், அதே மண்ணில், அதே வாதத்தை நாம் மீண்டும் எடுத்துக்கொண்டது வெட்கக்கேடு.

பாடம் முற்றிலும் மறக்கப்படவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிற்று. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரலாயின. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அக்காவுக்கும் இப்பொழுது ஒரு பெண் மாத்திரை கொண்டுவந்து தருகிறார். வந்த நாள் முதல் அக்கா ஒருவேளைகூடத் தவறியதில்லை. வாசலுக்கு மாத்திரை வந்ததும் அந்த 'அலட்சியக்காரி' எங்கே போனாள்?

திட்டத்தைப் பாராட்டுகிறேன், அது ஓராண்டு முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன். பாராட்டோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெயிலில் தெருத் தெருவாக நடந்து மாத்திரை கொடுக்கும் அப்பெண்கள் 'தன்னார்வலர்' என்ற பெயரில் ஊக்கத்தொகை பெறுகிறவர்களே அன்றி நிலையான ஊழியர்கள் அல்லர். சங்கிலியின் கடைசிக் கண்ணியை இவ்வளவு மெலிதாக வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. மேலும், சங்கிலி அறுவதற்குப் பெருந்தொற்றுதான் வேண்டும் என்பதில்லை. 2024 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு ஏதுமில்லாத காலத்தில், காசநோய் மருந்துகளின் வரத்து தட்டுப்பட்டு, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுத நேர்ந்தது. 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோதும் தீவுகளாகிப்போன ஊர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருந்தார்கள்.

செய்ய வேண்டியவை

கேட்பது பெரிதன்று. நோய் கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்குமாறு கொடுங்கள். யாருடைய மருந்து எந்த நாளில் தீரும் என்ற பட்டியலை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் வைத்திருக்கட்டும். ஊரடங்கோ புயலோ அறிவிக்கப்படும் நாளில், அரிசியையும் பாலையும் நினைப்பது போல அப்பட்டியலையும் முதலில் எடுத்துப் பார்க்கட்டும். நாள்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் ஊழியரை ஒரே இரவில் முழுவதுமாக இடம் மாற்றாதிருங்கள். மருந்து சுமக்கும் பெண்களுக்கு ஊழியருக்குரிய ஊதியம் கொடுங்கள். நோயாளி மருந்தைத் தவறவிட்டால், 'ஏன் நிறுத்தினாய்?' என்று கேட்குமுன், 'எது தடுத்தது?' என்று கேளுங்கள். கிடைக்கும் விடையையே ஏட்டில் எழுதுங்கள்.

இறுதியாக, பிறரைக் குற்றம் சாட்டிய விரலை என் பக்கமும் திருப்ப வேண்டும். நான் வேறு மாவட்டத்தில் இருந்தேன். ஓய்வூதியம் தவறாமல் வந்தது. வாரந்தோறும் அக்காவுடன் தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொரு முறையும், 'அக்கா, மாத்திரை போடுகிறாயா?' என்று கேட்டேன். 'போடுகிறேன் தம்பி' என்றே அவர் சொன்னார். அது பொய்யன்று. பாதியைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மேலே கேட்டிருந்தால் தம்பிக்குக் கவலை வருமே என்று மறைத்தும் இருப்பார். ஆனால் நான் மேலே கேட்கவேயில்லை. கேட்டது கடமைக்கு, விடை வந்ததும் மனம் நிம்மதியாகி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது. 'எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது?' என்று ஒருமுறை கேட்டிருந்தால் நானூறு ரூபாய் ஆட்டோவுக்கு அன்றைக்கே வழி செய்திருப்பேன்.

முதல் கேள்வி நோயாளியைச் சோதிக்கிறது. இரண்டாவது கேள்வி கேட்பவனைப் பொறுப்பாக்குகிறது. மருத்துவமனைகளும் அரசும் முதல் கேள்வியோடு நின்றுவிட்டன என்று சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை; நானும் அங்கேயே நின்றேன். உங்கள் வீட்டிலும் தெருவிலும் மாத்திரையை நம்பி வாழ்பவர் ஒருவராவது இருப்பார். இன்று மாலை அவரிடம் சென்று இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

அக்காவின் அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'தாமாகவே' என்ற பொருள் தரும் அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநாள் யோசித்தேன். எழுத வேண்டிய பெயர்கள் பல, இடம் சிறிது. முதலில் என் பெயரை எழுதினேன்.